பட்டியலைத் திறக்கும் உரிமை யாருக்கு?

1

எமது சஞ்சிகைகளில் அதிகாரம் என்ற சொல் எழுதப்பட்ட அளவுக்கு வேறொரு சொல் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. அது மொழியில் இருக்கிறது, உடலில் இருக்கிறது, எங்கும் பரந்திருக்கிறது என்று பூக்கோவைத் துணைக்கழைத்து நிறையவே விவாதித்துவிட்டோம். அதே அதிகாரம் ஒரு கணனித் திரையில், ஒரு பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் பின்னால் குவிந்து நிற்கும் இடமொன்றைப் பற்றியது இக்கட்டுரை. பெருந்தொகைத் தரவுகளை வைத்திருக்கும் நிறுவனங்களில், எதை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்பதை ஒரே இடத்திலிருந்து தீர்மானிக்கும் நிர்வாகத் திரைகள் உண்டு. அவற்றுள் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருளான அப்பாச்சி ரேஞ்சரை எடுத்துக்கொண்டு, அது எப்படி இயங்குகிறது, எங்கே கைவிடுகிறது என்று விளக்க முயல்கிறேன்.

இதற்கு இச்சஞ்சிகையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். முதலாவது, பட்டியல் என்பது என்ன செய்யும் என்பதை எமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு வீடாக வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்ததைக் கண்டவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட ஆவணம் எரிப்பதற்குப் பயன்பட்டது. பட்டியல் வைத்திருந்தவர்கள் அரசுத் தரப்பினர் மாத்திரமல்லர் என்பதும் எம்மில் பலருக்குத் தெரியும்.

இரண்டாவது, இப்போது நாமே பட்டியல் தயாரிக்கிறோம். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களிடமும் தப்பி வந்தவர்களிடமும் புலம்பெயர் நாடுகளிலுள்ள குழுக்கள் சாட்சியங்கள் சேகரிக்கின்றன. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 இலக்கத் தீர்மானம், இலங்கை தொடர்பான தகவல்களையும் சான்றுகளையும் திரட்டிப் பேணும் பொறுப்பை ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தபின், இம்முயற்சிகளுக்குப் புதிய உத்வேகம் கிடைத்தது. சாட்சி சொன்னவர் வெளிநாட்டில் இருக்கலாம். அவரது தாயார் இன்னமும் ஊரில்தான் இருப்பார். அந்தத் தாயாரின் முகவரியும் அதே கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை யார் திறக்கலாம்?

2

நான் ஊரில் மெய்யியலும் அளவையியலும் கற்பித்தவன். இங்கு எடிசனுக்கு அருகே, போத்தல்களில் திரவம் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் வேலை. ஓக் ட்ரீ வீதியை அண்டிய குடியிருப்புகளில் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த கணனித்துறை இளைஞர்கள் நிறைய. எங்கள் மேல்மாடியில் இருக்கும் திருச்சித் தம்பி ஒருவர் இத்தகைய திரைகளை நிர்வகிக்கும் தொழில் செய்பவர். பயிற்சிக்காகத் தன் சொந்தக் கணனியில், கற்பனைப் பெயர்களைக் கொண்ட ஓர் அட்டவணையுடன், ரேஞ்சரை நிறுவி வைத்திருந்தார். "சார், இது உங்க லாஜிக் பாடம்தான், திரையில போட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் மாணவனாக இருந்து கற்றதே கீழே வருவது.

முதலில் பின்னணி. ஒரு கணனியில் அடங்காத தரவை நூற்றுக்கணக்கான கணனிகளில் துண்டு துண்டாகப் பிரித்துவைத்து, அவை யாவற்றையும் ஒரே களஞ்சியம்போல இயக்குவதற்கு ஹடூப் என்ற மென்பொருள் உருவானது. டக் கட்டிங், மைக் கவரெல்லா ஆகிய இருவர் தொடக்கிவைத்தது. 2006 முதல் யாகூ நிறுவனத்தில் வளர்ந்தது. கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்த பெயரே ஹடூப். இப்படிக் கோத்த கணனிகளை கிளஸ்ரர் என்பார்கள். நான் கணனித் தொகுதி என்று எழுதுகிறேன்.

ஆரம்ப ஹடூப் எவரையும் நம்பியது. நான் இன்னார் என்று நீங்கள் சொன்னால் சரி, அதற்குமேல் விசாரணை இல்லை. நம்பிக்கையானவர்கள் மட்டுமே உள்ளே இருப்பார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட வீடு அது. பின்னர் கேர்பரொஸ் என்ற முறை சேர்க்கப்பட்டது. கிரேக்கப் புராணத்தில் பாதாளவாசலைக் காக்கும் மூன்றுதலை நாயின் பெயர் அது, எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவானது. கேர்பரொஸ் ஆளை அடையாளம் காணும். ஆனால் அடையாளம் வேறு, அனுமதி வேறு. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்து நீங்கள் நீங்கள்தான் என்று உறுதிசெய்தபின்னும் உங்களை விடுவதா மறிப்பதா என்பது தனிக் கேள்வி. அந்த இரண்டாம் கேள்விக்கு ஒவ்வொரு மென்பொருளும் தன்தன் பாட்டில் பதில் வைத்திருந்தது: கோப்புகளுக்கு ஒரு விதி, அட்டவணைகளுக்கு இன்னொரு விதி, ஓடும் செய்திகளுக்கு வேறொன்று. ஒருவர் வேலையை விட்டுப்போனால் பத்து இடங்களில் அவர் பெயரை நீக்கவேண்டும். ஒன்பதில் நீக்கிப் பத்தாவதை மறந்துவிடுவது வழக்கம்.

கலிபோர்னியாவில் எக்ஸ்.ஏ. செக்கியூர் என்ற சிறு நிறுவனம் இதற்கு ஒரு பொதுத் திரையை உருவாக்கியது. 2014 இல் ஹோர்ட்டன்வேர்க்ஸ் அதை வாங்கி, மூலநிரலை அப்பாச்சி மன்றத்திடம் பொதுவுடைமையாகக் கையளித்தது. அதுவே ரேஞ்சர்.

3

அத்திரையில் பொலிசி என்று எழுதியிருக்கும். கொள்கை என்று மொழிபெயர்த்தால் எம்மவர்க்கு உயிர்கொடுக்கும் விடயங்கள் நினைவுக்கு வரும். இங்கே அது வெறும் விதி.

விதிக்கு மூன்று உறுப்புகள்: எந்தத் தரவு, எந்த ஆள், எந்தச் செயல். சாட்சியம் என்ற அட்டவணையை ஆய்வாளர் என்ற குழுவினர் வாசிக்கலாம், மாற்றக்கூடாது. தரவு என்பது முழு அட்டவணையாக இருக்கலாம், அதில் ஒரு நிரலாகவும் இருக்கலாம். ஆட்களைத் தனிப்பெயராகவோ, குழுவாகவோ, பொறுப்பாகவோ குறிக்கலாம். விதிக்குக் காலவரையறையும் வைக்கலாம்: இந்த வழக்கறிஞருக்கு முப்பது நாட்கள் மட்டும் என்று எழுதினால், முப்பத்தோராம் நாள் யாரும் ஞாபகப்படுத்தாமலே கதவு மூடிக்கொள்ளும்.

அளவையியல் ஆசிரியனுக்குப் பிடித்தமான பகுதி விதிகள் மோதும் இடம். ஒருவர் அனுமதிக்கப்பட்ட குழுவிலும் இருக்கிறார், மறுக்கப்பட்ட குழுவிலும் இருக்கிறார் என்றால் என்ன? ரேஞ்சர் மறுப்பை முதலில் பார்க்கும். மறுப்புக்கு விதிவிலக்கு உண்டா என்று பார்க்கும். அதன்பிறகே அனுமதியையும் அதன் விதிவிலக்குகளையும் பார்க்கும். சிறப்புவிதி பொதுவிதியை மேவும் என்று சட்டத்தில் படித்தவர்களுக்கு இது அந்நியமாகப் படலாம். இங்கு வழமையாக மறுப்பே மேவும், அது எவ்வளவு பொதுவானதாக இருந்தாலும்.

எந்த விதியுமே பொருந்தாவிட்டால்? அட்டவணைகளைக் கையாளும் ஹைவ் என்ற பகுதி மறுத்துவிடும். ஆனால் அட்டவணைக்கு அடியில் கிடக்கும் கோப்புகளுக்கு அப்படியல்ல. கோப்பு முறைமை தனது பழைய அனுமதிகளுக்குத் திரும்பிப்போகும். மேல்தளத்துக் கதவைப் பூட்டி நிலவறைக் கதவை மறந்த கதை இதனால்தான் நடக்கிறது. அட்டவணையில் முகவரியை மறைத்துவிட்டோம் என்று நிர்வாகி நிம்மதியாக இருப்பார். அதே அட்டவணையின் கோப்பை நேரடியாகத் திறக்கத் தெரிந்தவர் முகவரியை முழுதாக வாசித்துவிடுவார்.

மறைத்தல் என்பதையும் விளக்கவேண்டும். ஒருவருக்கு ஒரு நிரலைக் காட்டலாம், ஆனால் உருமாற்றிக் காட்டலாம்: கடைசி நான்கு எழுத்துகள் மட்டும், முதல் நான்கு மட்டும், திகதியில் ஆண்டு மட்டும் என்று தெரிவுகள் உண்டு. எமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். முதல் நான்கைக் காட்டும் தெரிவை எடுத்து 7061 என்று தெரியவிட்டால், 1970 இல், ஏப்ரல் பிற்பகுதியில் பிறந்த பெண் என்பது வெளிப்பட்டுவிடும். சிறு கிராமமொன்றில் அப்படி ஒருவரே இருப்பார். கடைசி நான்கைக் காட்டினால் இவற்றில் எதுவும் தெரியாது. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது தெரிய நியாயமில்லை. அதைப் பயன்படுத்தும் எமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று வரிகளை வடிகட்டுதல். ஒரே அட்டவணையைத் திறந்தாலும் மன்னாரில் வேலைசெய்யும் தொண்டருக்கு மன்னார்ச் சாட்சியங்கள் மட்டுமே தெரியும். மற்றவை இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது.

விதி எழுதப்படுவது திரையில், நிறைவேற்றப்படுவது வேறிடத்தில். ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ரேஞ்சரின் சிறு துணைநிரல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது வழமையாக முப்பது விநாடிக்கு ஒருமுறை தலைமையிடம் புதிய விதி உண்டா என்று கேட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். தீர்ப்பு அங்கேயே, அந்தப் பிரதியின்படி வழங்கப்படும். தலைமைக் கணனி செயலிழந்தாலும் காவல் நிற்காது, அது நன்மை. தொடர்பு அறுந்துவிட்டால், இன்று காலை நீக்கப்பட்டவர் பழைய விதியின்படி இன்னமும் உள்ளே நடமாடலாம், அது தீமை. எந்தத் துணைநிரல் எந்தப் பதிப்பை எப்போது பெற்றது என்று காட்டும் பகுதி திரையில் இருக்கிறது. நல்ல நிர்வாகி அதையும் பார்ப்பார்.

4

இதுவரை சொன்னது பூட்டு. இனி கொப்பி.

யார், எப்போது, எதைத் திறக்கக் கேட்டார், கிடைத்ததா மறுக்கப்பட்டதா, எந்த இலக்க விதியின்படி என்பதை ரேஞ்சர் பதிவுசெய்யும். அதோடு, விதிகளை மாற்றியவர் யார், பழைய வாசகம் என்ன, புதியது என்ன என்பதையும் தனியாக எழுதிவைக்கும். எனது மதிப்பீட்டில் இத்திரையின் பெறுமதி இதில்தான் அதிகம். பூட்டு திருடனைத் தடுக்கும். நிர்வாகியைத் தடுக்காது, ஏனெனில் திறப்புக்கோர்வை அவரிடமே இருக்கிறது. நிர்வாகியின் கையையும் எழுதிவைப்பது கொப்பிதான்.

ஆனால் ஒவ்வொரு விதியிலும் கணக்காய்வுப் பதிவு வேண்டுமா வேண்டாமா என்ற சிறு பொத்தானும் இருக்கிறது. அதை அணைத்தால் அவ்விதியின் கீழ் நடப்பவை எழுதப்படா. அணைத்தது யார் என்பது மாற்றப் பதிவில் இருக்கும். அதை யாராவது வாசித்தால்தான் பயன். இதற்காகவே, எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்றமுடியாது என்ற கணக்காய்வாளர் பொறுப்பு அதில் உண்டு. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டுத் தூசி படிந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, வாசிக்கப்படாத கணக்காய்வின் கதி புதிதல்ல.

மூன்றாவதாக ஒரு பிரிவினையும் இருக்கிறது. தரவை மறைகுறியாக்கி வைத்தால் அதன் சாவிகளை நிர்வகிப்பவர் வேறொருவர். விதிகளை நிர்வகிப்பவர் சாவிப் பக்கத்தைப் பார்க்கமுடியாது. சாவிக்காரர் விதிப் பக்கத்தைத் தொடமுடியாது. ஒருவரை விலைக்கு வாங்கினால் போதாது.

தொழிற்சாலையில் வேலைசெய்பவர்கள் இதை வேறொரு பெயரில் அறிவார்கள். அமெரிக்காவில் 1989 இல் வந்த தொழிற்பாதுகாப்பு விதியொன்றின்படி, இயந்திரத்துக்குள் கைவிட்டுத் திருத்தவேண்டுமானால் முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, விசையில் பூட்டுப்போட்டு, பெயர் எழுதிய அட்டை தொங்கவிடவேண்டும். நால்வர் திருத்தினால் நான்கு பூட்டு. ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே கழற்றும்வரை இயந்திரம் ஓடாது. மேற்பார்வையாளர் அவசரப்பட்டாலும் ஓடாது. பூட்டின் சொந்தக்காரர் தொழிற்சாலையில் இல்லை என்று உறுதிசெய்து, அவருக்கு அறிவிக்கும் ஒழுங்கைச் செய்தபின்னரே அதை வேறெவரும் அகற்றலாம். ஆபத்தில் இருப்பவனின் கையிலேயே பூட்டின் சாவி இருக்கவேண்டும் என்பது இதன் நியாயம். எந்த அரசியல் யாப்பிலும் இவ்வளவு தெளிவாக இதை நான் வாசித்ததில்லை. ரேஞ்சரில்கூட இது இல்லை: தரவுக்கு உரியவரின் பூட்டு என்று ஒன்று அத்திரையில் கிடையாது. சாட்சி சொன்ன பெண்ணுக்கு அதில் பயனர் பெயரே இல்லை.

5

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தரவு எப்படி வெளியே போகிறது? நான்கு வழிகளை உண்மையான சம்பவங்களோடு சொல்லலாம். இவை ரேஞ்சரில் நிகழ்ந்தவை என்று சொல்லவரவில்லை. எந்த நிர்வாகத் திரைக்கும் பொருந்துபவை.

முதலாவது, நிர்வாகியின் முகமூடியை அணிந்து வருதல். 2022 ஜனவரி 18 அன்று சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு தன் சேர்வர்களில் ஊடுருவல் நடந்ததைக் கண்டுபிடித்தது. போரால் பிரிந்த குடும்பங்கள், காணாமற்போனோர், தடுப்பிலிருப்போர் என 515,000க்கும் மேற்பட்டவர்களின் விபரங்கள் அதில் இருந்தன. குறைந்தது 60 நாடுகளின் சங்கங்கள் சேகரித்தவை. செஞ்சிலுவைக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! நுழைந்த வழி, ஊழியர்கள் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருளொன்றில் இருந்த ஓட்டை. அது சென்னையின் ஸோஹோ நிறுவனத்தினது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஸோஹோ 2021 செப்ரெம்பரிலேயே வெளியிட்டிருந்தது. செஞ்சிலுவைக் குழு அதை உரிய காலத்தில் போடவில்லை. நவம்பர் 9 அளவில் நுழைந்தவர்கள் எழுபது நாட்கள் உள்ளே இருந்தார்கள். தரவு மறைகுறியாக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆயினும் முறையான பயனர்போலவும் நிர்வாகிபோலவும் வேடமிட்டதால் அதை அணுகமுடிந்தது என்று செஞ்சிலுவைக் குழுவே பகிரங்கமாக அறிவித்தது. அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

இரண்டாவது, திறப்பை விற்றல். 2018 ஜனவரியில் இந்தியாவின் 'ட்ரிபியூன்' பத்திரிகையின் செய்தியாளர் ஒருவர் 500 ரூபா கொடுத்து, ஆதார் விபரங்களைப் பார்க்கும் ஒரு திரைக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கினார். எந்த ஆதார் இலக்கத்தை இட்டாலும் பெயர், முகவரி, படம், தொலைபேசி எண் வந்தன. கைரேகைத் தரவு பாதுகாப்பாக உள்ளது, முறைப்பாடுகளைத் தீர்க்க அலுவலர்களுக்குக் கொடுத்த தேடல் வசதியே துர்ப்பிரயோகம் செய்யப்பட்டது என்று அதிகாரசபை பதிலளித்தது. பொலிசில் கொடுத்த முறைப்பாட்டில் செய்தியாளரின் பெயரையும் சேர்த்தது. திருத்தச் சொல்லிக் கொடுத்த சாவி சந்தைக்கு வந்துவிட்டது என்பதை அப்பதில் மறுக்கவில்லை.

மூன்றாவது, பிரதி. 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் புள்ளிவிபர அறிக்கையொன்றை வெளியிட்டது. அதிலிருந்த வரைபடத்தின் பின்னால், அதை வரையப் பயன்பட்ட முழு அட்டவணையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட புகலிடக் கோரிக்கையாளரின் பெயர்கள். 2022 நவம்பரில் அமெரிக்கக் குடிவரவு, சுங்க அமுலாக்க முகவரகம் இதேபோல 6,252 பேரின் பெயர், பிறந்த திகதி, நாடு, தடுத்துவைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைத் தன் இணையத்தளத்தில் சுமார் ஐந்து மணிநேரம் கிடக்கவிட்டது. இரண்டிலும் எவரும் ஊடுருவவில்லை. தரவை அணுக அனுமதியுள்ளவர்களின் கையாலேயே அது தவறுதலாக வெளியே போனது. தரவு கணனித் தொகுதியை விட்டு வெளியேறிய கணத்தில் விதிகளும் முடிந்துவிடுகின்றன.

நான்காவது வழியே மிகவும் சிந்திக்கவேண்டியது: அனுமதியோடு கொடுத்தல். பங்களாதேஷிலுள்ள ரோஹிங்யா அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் முகவரகமும் அந்நாட்டு அரசும் சேர்ந்து 2018 முதல் திரட்டிய விபரங்களில், குறைந்தது 830,000 பேரின் பெயர்களும் கைரேகை போன்ற தரவுகளும் மியன்மார் அரசிடம் ஒப்படைக்கப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வோச் 2021 ஜூனில் அறிக்கையிட்டது. நேர்காணப்பட்ட அகதிகளிற் பெரும்பாலானோர், யாரிடமிருந்து தப்பியோடினார்களோ அவர்களிடமே தம் பெயர் போகும் என்று தமக்கு விளக்கப்படவில்லை என்றார்கள். விளக்கிச் சம்மதம் பெற்றோம் என்று முகவரகம் சொன்னது. எது எப்படியாயினும் இங்கு எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கொடுத்தவர்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. ரேஞ்சர் இருந்திருந்தால் அந்தக் கொடுப்பனவை ஒழுங்காக அனுமதித்து, திகதி நேரத்தோடு பதிவுசெய்திருக்கும். அனுமதி இருக்கிறதா என்பதே அதற்குத் தெரிந்த கேள்வி. அந்த அனுமதி நியாயமா என்பது அதற்கு வெளியே, மனிதர்கள் கூடி முடிவெடுக்கும் இடத்தில் மட்டுமே கேட்கப்படக்கூடியது.

6

இக்கருத்தைச் சொன்னபோது சாட்சியம் சேகரிக்கும் நண்பரொருவர் தொலைபேசியில் சிரித்தார். "எங்களிட்டை இருக்கிறது நானூறு சாட்சியம். ஒரு மடிக்கணனிக்குள்ளை அடங்கும். யானைக்கு வைச்சிருக்கிற அங்குசத்தை ஆட்டுக்குட்டிக்குக் காட்டுறியள், அண்ணை." நியாயமான பேச்சு. நானூறு சாட்சியத்துக்கு ஹடூப் நிறுவச்சொல்பவன் கிறுக்கன். ஆனால் அந்த மடிக்கணனி ஒருவருடையது. கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும். யார் பார்த்தார்கள் என்ற கொப்பி இல்லை. அவர் நாளை மனம் மாறினால், நோயுற்றால், ஊருக்குப்போய் விமான நிலையத்தில் மறிக்கப்பட்டால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. அங்குசம் தேவையில்லை. அங்குசத்தைச் செய்தவர்கள் கேட்ட கேள்விகள் தேவை.

ஆகவே விவாதத்துக்காகச் சில முன்மொழிவுகள். சேகரிக்கத் தொடங்குமுன், யார் எதைப் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். வாய்மொழி நம்பிக்கை விதியாகாது. பெயரும் முகவரியும் ஓரிடத்தில், சாட்சியம் இன்னோரிடத்தில், இரண்டையும் இணைக்கும் இலக்கம் மூன்றாமவரிடம் இருக்கட்டும். அம்மூவரும் ஒரே நகரத்தில், ஒரே அரசியலில், ஒரே குடும்பத்தில் இல்லாதிருப்பது நல்லது. எமது குழுப் பிளவுகளுக்கு வரலாற்றில் முதன்முறையாக ஒரு பயன் கிடைக்கும். திறந்தவர், திறந்த நாள், காரணம் மூன்றும் பதியப்படவேண்டும். அப்பதிவை மாற்றமுடியாத ஒருவர் அதை மூன்று மாதத்துக்கொருமுறை வாசிக்கவேண்டும். ஒவ்வோர் அனுமதிக்கும் முடிவுத் திகதி வேண்டும். மின்னஞ்சலில் பிரதி அனுப்பும் பழக்கம் நிற்கவேண்டும். தேவையில்லாத விபரத்தைக் கேட்காமலே விடவேண்டும்: ஊடுருவுபவருக்கும் விற்பவருக்கும் சம்மதத்தோடு கொடுப்பவருக்கும் எட்டாதது அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி சொன்னவருக்கு ஒரு பூட்டு வேண்டும். தன் கோப்பு எங்கே இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று அவர் கேட்டால் பதில் சொல்லவும், வேண்டாமென்றால் அழித்துக்கொடுக்கவும் நாம் கடமைப்பட்டவர்கள். இது ஆவணத்தைப் பலவீனப்படுத்தும், நாளைய நீதிமன்றத்துக்குச் சான்று இல்லாமற் போகும் என்று சட்டம் அறிந்த நண்பர்கள் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் கனம் உண்டு. நீதிக்காகச் சேகரித்ததைச் சேகரித்தவரே அழிக்கலாமா என்பது இலகுவில் தீர்க்கக்கூடிய கேள்வியல்ல. ஆயினும் அந்தக் கேள்விக்கு இன்று விடைசொல்லிக்கொண்டிருப்பவர், எவரும் தேர்ந்தெடுக்காத, கடவுச்சொல் தெரிந்த ஒருவர். அதை அவரிடமிருந்து எடுத்து எம் எல்லோரது மேசைக்கும் கொண்டுவருவதே என் நோக்கம். மாற்றுக் கருத்துடையோர் அடுத்த இதழில் எழுதட்டும்.